அவர் குரல் இருந்த பெட்டி

என்னுடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்தது போன வருஷம் மாசி மாதத்தில். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற மனிசன், வாளியை மெதுவாக வைத்துவிட்டு அப்படியே சரிந்தார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிர் மிஞ்சியது. காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். பிழைகளை என் தமையனின் மகள் சுகந்தி திருத்தித் தருவாள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நயினாதீவு அம்மாள் எனக்குச் செய்ததை நான்தான் சொல்லவேண்டும்.

அவர் எப்படிப்பட்ட பேச்சுக்காரர் என்று எங்கள் புங்குடுதீவில் கேட்டால் சொல்வார்கள். தெற்கே காலிப் பட்டினத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் கதைத்தே சாமான் விற்றவர். ஊரோடு வந்து இருந்த பிறகும், பஸ்ஸில் ஏறினால் குறிகட்டுவான் துறைமுகம் வரைக்கும் அவருடைய குரல்தான் கேட்கும். அந்த மனிசன் இப்போது கதிரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்ப்பார். வாய் திறக்கும். சத்தம் வராது. கண் நிரம்பும். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வருவேன். அவருக்கு முன்னால் ஒரு நாளும் அழுததில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் இருந்தார். அவர்தான் கேட்டார், "ஐயா முந்திக் கதைச்ச வீடியோ ஏதும் இருக்கோ அம்மா? அவர் தன்ரை குரலைக் கேட்டுக் கேட்டு வாயசைச்சால் நல்லது. ஆனால் இடையிலை விட்டிடாதேங்கோ. விட்டால் திரும்பத் தொடங்கிறது கஷ்டம்" என்று.

கனடாவில் இருக்கும் என் மகளுக்குச் சொன்னேன். அவள் தன்னுடைய கலியாண வீடியோ, பிள்ளைகளின் பிறந்தநாள், அவர் கடையை மூடிய நாளில் எடுத்தது, இங்கே வந்தபோதெல்லாம் போனில் எடுத்தது, எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. வயரைச் செருகி ரீவியில் கொளுவினால் படம் ஓடும். பழைய கசெட்டுகள் பூஞ்சணம் பிடித்துப்போய் அவள் எறிந்துவிட்டாள். அவளுடைய பழைய போனும் கொம்பியூட்டரும் பழுதாய்ப்போயின. ஆகவே அவருடைய குரல் இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

பின்னேரங்களில் படம் போடுவோம். காற்று யன்னலால் வரும். கடல் எங்கள் வீட்டிலிருந்து தெரியாது, ஆனால் அதன் வெளிச்சம் கூரையில் அசைவது போல எனக்கு எப்போதும் தோன்றும். ரீவிக்குள் இருக்கும் அவர், மகளின் கலியாண வீட்டில், சமையல்காரரோடு சண்டை பிடிப்பார். "ஏன் தம்பி, பாயாசத்துக்குச் சீனி போட்டனீரோ, இல்லை சீனியைக் காட்டிப்போட்டு எடுத்தனீரோ?" என்பார். கதிரையில் இருக்கும் இவர் ஒரு பக்கத்து வாயால் சிரிப்பார். பிறகு உதடு அசையும். நாள் போகப் போக ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு "ம்" என்றார். பிறகு "சீ" என்றார். எனக்கு இரண்டு பேரோடு குடும்பம் நடத்துவது போல இருந்தது. ஒருவர் கதைப்பார், மற்றவர் அவருக்குப் பின்னால் நடந்து வருவார். என்றைக்காவது ஒருநாள் இவர் அவரை எட்டிப் பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குக் கும்பத்துக்கு முன்னால் புத்தகங்களை வைப்போம், தொழில் செய்யும் சாமான்களை வைப்போம். சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போட்டு, அடுத்தநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். என் வீட்டில் அந்த வருஷம் அந்தப் பெட்டியை விடப் பெரிய புத்தகம் எது? பட்டுத் துணி விரித்து நடுவில் வைத்தேன். சந்தனத்தை நானே கல்லில் அரைத்து, கை நிறைய எடுத்துச் சாத்தினேன்.

விஜயதசமி காலையில் பெட்டியை எடுத்து, ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தேன். ஒரு சின்ன மஞ்சள் அடையாளம்கூட இல்லாமல் துடைத்தேன். என் வீட்டுச் சாமான் எப்போதும் துப்புரவாக இருக்கும். பிறகு ரீவியில் கொளுவினேன். படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு படம் இல்லை. நீல நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து மட்டும் நின்றது.

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பக்கத்து வளவில் வீடு. லப்டொப்பைக் கொண்டுவந்து பெட்டியைக் கொளுவிப் பார்த்தாள்.

"மாமி, போர்மட் பண்ணினால்தான் பாவிக்கலாம் எண்டு கேக்குது."

"போர்மட் எண்டால் என்னடி?"

"உள்ளுக்கை இருக்கிறதை எல்லாம் அழிச்சுப்போட்டுப் புதுசாக்கிறது."

"நல்லாயிருக்கு. வீட்டுத் திறப்பு பூட்டுக்குள்ளை போகுதில்லை எண்டதுக்கு வீட்டை இடிக்கச் சொல்லுதோ உன்ரை பெட்டி?"

"என்ரை பெட்டி இல்லை மாமி. உங்கடை பெட்டிதான் கேக்குது."

"வேண்டாம் எண்டு சொல்லு."

அவள் வேண்டாம் என்ற பொத்தானை அமத்தினாள். திரும்பவும் அதையே கேட்டது. கரண்ட் போனதால்தான் பழுதாயிருக்கிறது என்று அவள் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்தநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். கொம்பியூட்டர் திருத்தும் கடையில் இருந்தவர் மரியாதையான பிள்ளை. கதிரை போட்டு இருத்தினார். வேறு வயர் மாற்றிப் பார்த்தார், வேறு கொம்பியூட்டரில் பார்த்தார். பெட்டி தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"அம்மா, கரண்ட் போனபோது உள்ளுக்கை குழம்பியிருக்கு. போர்மட் பண்ணினால் பெட்டி தப்பும்" என்றார்.

"தம்பி, எனக்குப் பெட்டி வேண்டாம். நீர் வேணுமெண்டால் பெட்டியை வைச்சிரும். உள்ளுக்கை இருக்கிற மனிசனைத் தாரும்."

அவர் சிரிக்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் வரும் என்று தன்னால் சொல்ல ஏலாது, திறந்து பார்க்கும்போது முழுதும் போகவும் கூடும் என்றார். நான் பெட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ் பண்ணைப் பாலத்தில் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் பேசாமல் கிடந்தது. அன்றைக்கு எனக்கு அந்தத் தண்ணீரில் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன். பின்னேரமானால் அவர் ரீவியைப் பார்ப்பார். நான் பேச்சை மாற்றுவேன். இரண்டு நாள் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிக் கையால் காட்டினார். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார். "ம்" என்ற சத்தமும் நின்றது. ஆஸ்பத்திரி மிஸ் சொன்னது எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. விட்டால் திரும்பத் தொடங்கிறது கஷ்டம். ரீவியில் கதைத்தவர் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நடந்து வந்தவர் இப்போது நடுவழியில் நிற்கிறார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

மகள் போனில் சொன்னாள், "அம்மா, கவலைப்படாதேங்கோ. அழிச்சுப்போட்டு விடுங்கோ. நான் நல்ல பாட்டுகள், பழைய படங்கள் எல்லாம் அனுப்பிறன். அப்பாவை வேற வீடியோ எடுப்பம்."

"வேற வீடியோ எடுக்கக் குரல் எங்கையடி இருக்கு?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். அவளை அழவைத்துவிட்டேனே என்று பிறகு என் மனம் கிடந்து வெந்தது.

கடைசியில் நானும் தளர்ந்தேன். வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போய் அம்மாளைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன், வந்த பிறகு அழி என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு லீவு போட்டு மாமனைப் பார்த்துக்கொள்ள வந்தாள்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினேன். வெள்ளிக்கிழமைச் சனம். நயினாதீவில் இருக்கும் புத்த விகாரைக்குத் தெற்கிலிருந்து வந்த ஆட்கள் வெள்ளை உடுப்போடு ஒரு பக்கம், அர்ச்சனைத் தட்டோடு எங்களுடைய ஆட்கள் ஒரு பக்கம். கீழ்த்தட்டில் ஒரு ஓரத்தில் இருந்தேன். இயந்திரச் சத்தம் ஒரே தாளமாக இருந்தது. இரவுகளில் நித்திரை இல்லாத கண். எப்போது மூடினேன் என்று தெரியாது.

அவருடைய காலிக் கடையைக் கண்டேன். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் அவர் நிற்கிறார், கறுத்த தலைமயிரோடு. என்னோடு கதைக்கிறார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கடைக்குள் தண்ணீர் நிற்கிறது, அதில் சின்ன மீன்கள் ஓடுகின்றன, அவருக்கு அது ஒரு புதினமாகவே இல்லை. கண்ணாடியில் பனிப்புகார் படிந்திருக்கிறது என்று நினைத்து நான் சேலைத் தலைப்பால் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க இன்னும் மங்குகிறது. தலைப்பை மணந்து பார்க்கிறேன். சந்தன வாசம்.

வள்ளம் கரையில் இடித்தது. பக்கத்தில் இருந்த பெண், "அம்மா, வந்திட்டுது" என்று என் கையைத் தொட்டாள். வாசம் மட்டும் என்னோடு இறங்கியது. எல்லோருடைய தட்டிலும் சந்தனம் இருக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலில் யாரோ வெளிநாட்டுக்காரருடைய உபயம். மண்டபத்தில் எழுந்தருளி அம்மனை வைத்து அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. நான் தூணோடு சாய்ந்து நின்றேன். நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டுப் பழகாதவள். அம்மாளிடம்கூட, நீ இதைச் செய், நான் இதைச் செய்கிறேன் என்று கணக்காகத்தான் கதைப்பேன். அன்றைக்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. "அம்மா, எனக்கு வழி தெரியேல்லை. அந்த மனிசன்ரை வாயைத் திறந்து விடு" என்று மட்டும் சொன்னேன்.

பால் ஊற்றினார்கள். இளநீர் ஊற்றினார்கள். பிறகு சந்தனக் குழம்பு. அம்மாளுடைய முகம் மெல்ல மெல்ல மறைந்தது. கண் போனது, மூக்கு போனது, வாய் போனது. மஞ்சள் நிறத்தில் ஒரு உருவம் மட்டும் நின்றது. பிறகு ஐயர் குடம் குடமாகத் தண்ணீர் வார்த்தார். கன்னம் தெரிந்தது, நெற்றி தெரிந்தது. எல்லாம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஐயர் அப்படி நினைக்கவில்லை. ஈரத் துணியின் நுனியைத் திரித்து, கிட்டப் போய், உதட்டு இடுக்கில் நின்ற சந்தனத்தைத் தோண்டி எடுத்தார். மெதுவாக, தாய் பிள்ளைக்கு வாய் துடைப்பது போல. மேலால் ஊற்றின தண்ணீருக்கு அது போகவில்லை. உள்ளே நின்றது.

எனக்கு என் கை தெரிந்தது. பெட்டியின் மேல் சந்தனம் சாத்தின கை. அடுத்தநாள் ஈரத் துணியால் மேலால் துடைத்த கை. வயர் செருகும் வாய் அந்தப் பெட்டியின் ஓரத்தில்தான் இருக்கிறது. நான் துடைக்கவில்லை. உள்ளே தள்ளியிருக்கிறேன்.

தீபம் காட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. வெளி மண்டபத்துக்கு வந்து சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அதை அழிச்சுப் போடாதை. நான் வாறன்."

நான் போனைக் காதோடு இறுக்கினேன்.

"கேக்குதோ?"

"மாமி... நான் அழிக்கச் சொல்லி அமத்திப்போட்டன். நீங்கள் பக்கத்திலை நிண்டு பார்க்க வேண்டாம் எண்டுதான்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். செருப்பு வைக்கிற இடத்தில்.

"ஆனால் மாமி, அது போர்மட் ஆகுதில்லை. பிழை, பிழை எண்டுதான் சொல்லுது. திருப்பித் திருப்பி அமத்திப் பார்த்தன்."

"அப்ப உள்ளுக்கை இருக்கோ?"

"தெரியாது. கொஞ்சம் அழிஞ்சுமிருக்கலாம்."

"வயரைக் கழட்டி வை. நான் வரும்வரைக்கும் ஒரு விரல் வைக்காதை."

திரும்பி வந்த வள்ளத்தில் எனக்கு நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. வெயில் கடலில் விழுந்து உடைந்து உடைந்து கிடந்தது. இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை என்று ஒவ்வொரு அலையும் சொல்வது போல இருந்தது. நேற்றைக்கு வரைக்கும் நான் கோபித்த தண்ணீர்தான். அதைப் பார்த்தே கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றவில்லை. சுகந்தி போனின் லைட்டை அடித்துப் பெட்டியின் வாயைப் பார்த்தாள்.

"ஒண்டும் தெரியேல்லை மாமி. இருட்டாயிருக்கு."

"சரிச்சுப் பிடி."

சரித்தாள். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமி, இஞ்சை என்ன செய்து வைச்சிருக்கிறியள்? கோயில் கட்டியிருக்கிறியள்."

உள் இடுக்கில் சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. அவருக்கு ஊசி போடும்போது பூசும் ஸ்பிரிட் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் கீறும் மெல்லிய தூரிகை ஒன்றைச் சுகந்தி கொண்டுவந்தாள். அது கரண்ட் போகிற இடம், ஊசி, ஈர்க்கு ஒன்றும் விடக்கூடாது என்றாள். தூரிகையை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு, ஊறவைத்து ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். ஐயர் எடுத்த மாதிரியே. வயரின் முனையிலும் இருந்தது, அதையும் துடைத்தாள். பிறகு காற்றாடிக்கு முன்னால் காயவைத்தோம். அவள் உடனே கொளுவப் பார்த்தாள். நான் விடவில்லை. நன்றாகக் காயட்டும் என்று சொல்லி, தேத்தண்ணி போட்டுக் குடிக்கவைத்தேன்.

கொளுவினாள். பெட்டியில் சின்ன வெளிச்சம் வந்தது. பிழை இருக்கிறது, சரிபார்க்கட்டோ என்று கேட்டதாம். அழிக்கட்டோ என்று கேட்கவில்லை. அவள் ஓம் என்று அமத்தினாள். வெளியில் பனையோலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், "மாமி, எல்லாம் இருக்கு."

எல்லாம் என்றால் முழுதும் எல்லாம் இல்லை. சில படங்கள் திறக்கவில்லை. அவற்றில் கூடுதலாக இருந்தது நான்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை யார் பார்க்கப்போகிறார்கள், நான்தான் வீட்டில் நிற்கிறேனே.

நான் சொன்னேன், "ரீவியிலை போடாதை. முதல் உன்ரை லப்டொப்பிலை ஏத்து." அவள் ஏற்றினாள். ஏற்றும்போது சரியா என்று பார்க்க ஒன்றைத் திறந்தாள். அவருடைய குரல் அறை முழுக்க எழும்பியது. கடையை மூடிய நாள். "பூட்டைப் போடடா, அழாதை" என்று யாருக்கோ சொல்கிறார், சொல்லும்போது தானும் அழுகிறார்.

விறாந்தையில் கதிரை உரசும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அவர் தன்னுடைய நல்ல காலை நிலத்தில் ஊன்றி, கதிரையைத் தானே திருப்பிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கத்திலிருந்து, எங்கள் பக்கம். நான் போய்ப் பிடிக்கவில்லை. அவரே முழுதும் திரும்பட்டும் என்று நின்றேன். அவருக்கு முன்னால் அழுவதில்லை என்று மேலே எழுதினேன். அன்றைக்கு அழுதேன்.

பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். நான் சாத்தின சந்தனம்தான் பெட்டியைக் கெடுத்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அதே சந்தனம்தான், சுகந்தி அழிக்க அமத்தினபோது அழிக்க விடாமல் நின்றது. வாய் அடைபட்டிருந்தபடியால் அழிக்கிற கட்டளையும் உள்ளே போகவில்லை. கடைக்காரப் பிள்ளையிடம் பிறகு கேட்டேன். "ஓம் அம்மா, தொடுப்புச் சரியா இல்லாதபடியால்தான் போர்மட் ஏறேல்லை. அது நல்லாய் வேலை செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்தக் கடையிலேயே கை கூப்பவேண்டும் போல இருந்தது. நான் அழுத நாட்கள் முழுதும், அம்மாள் அந்த வாயை மூடி, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இப்போது அந்தப் படங்கள் சுகந்தியிடம் ஒன்று, மகளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று இருக்கின்றன. இந்த வருஷச் சரஸ்வதி பூசைக்கும் பெட்டியை வைப்பேன். பட்டுத் துணியால் நன்றாகச் சுற்றி, சந்தனப் பொட்டு துணிக்கு மேல்தான் வைப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பெட்டி அழிக்கட்டோ என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, அதன் வாயைப் பாருங்கள்.

நான் முந்தி அம்மாளிடம் செய்யவேண்டியதைச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது சொல்வதில்லை. வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தூணோடு நின்று, நடப்பதைக் கவனித்துப் பார்க்கிறேன். அவள் காட்டுவாள். பெரிதாக ஒன்றும் காட்டமாட்டாள். ஐயருடைய கையில் ஒரு துணி நுனியைக் காட்டுவாள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, கேட்கவும் மனம் வராமல் குசினிக்குள் நின்று அழுகிற பெண்கள் எங்கள் தீவுகளில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமையில் வள்ளம் ஏறி வாருங்கள். நான் தூணடியில் நிற்பேன். வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்களுடைய பக்கத்தில் புருஷன் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்சேரும்" என்பார்கள், "இங்கே பாரும்" என்பதுதான் அது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு என் பேர் அதுதான். தைப்பொங்கல் முடிந்த கிழமையில் நான் குசினியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். விறாந்தையிலிருந்து "இஞ்சே..." என்று ஒரு சத்தம். ரீவி என்று நினைத்தேன். ரீவி நிற்பாட்டிக் கிடந்தது.

அரைவாசிச் சொல்தான். மிச்சம் இன்னும் வரவில்லை. இப்போதும் அந்த அரைவாசிதான் கேட்கிறது. அவர் கூப்பிடுகிறார். நான் போகவேண்டும்.